சால்வையும் அதன் விலையும்

1846ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் அமிர்தசரஸ் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி ஆங்கிலேயக் கம்பெனியார் காஷ்மீர நாட்டை 75 லட்சம் ரூபாய்க்கு ஜம்முவின் அரசரான குலாப் சிங்குக்கு உரிமையாக்கினர். தம் மேலாண்மையை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அவர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய திறையும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு குதிரை, சால்வை மயிர் தரும் சிறந்த இன ஆடுகள் பன்னிரண்டு, காஷ்மீரச் சால்வை மூன்று இணை என்பவையே அத்திறை.

பொன்னும் மணியும் இடம்பெற வேண்டிய பட்டியலில் ஆடும் ஆடையும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு நாம் வியக்கலாம். ஆயினும் அவற்றை ஒருங்கே எண்ணியது பொருத்தமே. ஆடு உயிரோடிருந்தால்தான் அடுத்த ஆண்டும் சால்வை உண்டு. ஆடம்பர ஆடையை விரும்பியோர் இந்தச் சிறு கணக்கை நினைவில் வைத்த காலமும் உண்டு. மறந்த காலமும் உண்டு. காஷ்மீரச் சால்வையின் வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் காட்டுகிறது.

லடாக்கின் கிழக்கே, 4,000 மீட்டருக்கும் உயரத்தில், சாங்தாங் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. அங்கு மேயும் ஆடுகளுக்குக் கடுங்குளிரைத் தாங்கும்பொருட்டு முரட்டு மயிருக்கு அடியில் மென்மயிர் வளரும். பாரசீக மொழியில் அதனைப் ‘பஷ்ம்’ என்பர். வசந்தத்தில் அது தானே உதிரத் தொடங்கும்போது இடையர்கள் சீப்பினால் வாரி எடுக்கின்றனர். ஓர் ஆடு ஆண்டிற்குத் தருவது ஏறத்தாழக் கால் கிலோ; தூய்மை செய்தபின் அதிலும் பெரும்பகுதி கழிந்துபோகும். 1684ஆம் ஆண்டின் திங்மொஸ்காங் உடன்படிக்கை, திபெத்தின் பஷ்ம் லடாக்கின் வழியாகக் காஷ்மீருக்கே செல்ல வகைசெய்தது. ஸ்ரீநகரில் பெண்கள் அதனை நூற்றனர், ஆடவர் நெய்தனர். பூவேலையின் நிறங்களும் இழைகளும் ‘தாலிம்’ எனப்படும் குறியெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் அதனை உரக்கப் படிக்க, நெசவாளர் சிறு மரக்குச்சிகளில் சுற்றிய வண்ண நூல்களை அவ்வாறே கோத்துச் செல்வர். மிக உயர்ந்த சால்வை ஒன்று முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

மொகலாயப் பேரரசர் அக்பர் இச்சால்வைகளைப் பெரிதும் விரும்பினார் என்றும், இரட்டையாக அணியும் வழக்கம் அவராலே பரவிற்று என்றும் ஆயினி அக்பரியால் அறிகிறோம். அரசவையில் சிறப்புச் செய்யப்பட்டவருக்குச் சால்வை அளிக்கப்பட்டது. பெற்றவர் அதனைப் பேணிக் காத்துத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றார். அது ஆடம்பரமே; ஐயமில்லை. ஆனால் ஆட்டின் ஆண்டு வளர்ச்சிக்கும் நெசவாளர் கைவேகத்துக்கும் ஏறக்குறைய அடங்கிய ஆடம்பரம் அது.

மாறுதல் மேற்கிலிருந்து வந்தது. 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற படைத்தலைவர்கள் இச்சால்வைகளைத் தம் நாட்டுக்கு அனுப்பினர். பேரரசி ஜோசபின் அவற்றை ஆவலோடு சேர்த்தார். பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் பின்தொடர்ந்தனர். பிரெஞ்சு வணிகரின் முகவர்கள் ஸ்ரீநகரிலேயே தங்கி, தம் நாட்டுச் சுவைக்கேற்ற பூவேலைகளை வரைந்து கொடுத்தனர். ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஆலைகள் போலிச் சால்வைகளை மலிவாக நெய்து குவித்தன. நம் மாங்காய்க் கரைக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பருவந்தோறும் மாறும் நாகரிகத்துக்கு ஓராண்டுக் காத்திருப்பு ஒவ்வாது. ஆகவே ஒரே சால்வையைப் பல தறிகளில் துண்டு துண்டாக நெய்து, இழை தெரியாமல் ஒட்டுத் தைக்கும் முறை பெருகிற்று. விலை உயர்ந்தது, நெய்தவன் கூலி உயரவில்லை. ‘தாக்ஷால்’ என்னும் அரசுத் துறை ஒவ்வொரு சால்வைக்கும் முத்திரையிட்டு வரி பிரித்தது. நெசவாளர் தொழிலை விடவும் இயலாமல், ஊரை விட்டு நீங்கவும் இயலாமல் தவித்தனர். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஸ்ரீநகரின் ஜல்தகர் திடலில் அவர்கள் கூடி முறையிட்டபோது படையினர் தாக்கினர். 28 பேர் உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது. பாரிஸில் அச்சால்வையைத் தோளிலிட்ட எவரும் இதனை அறிந்திருக்க மாட்டார்.

ஐந்தே ஆண்டுகளில் அந்தச் சந்தையும் சரிந்தது. 1870–71இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டன. காஷ்மீரச் சால்வையைப் பெருமளவில் வாங்கிய நாடு வீழ்ந்தது. பெண்டிர் உடையின் அமைப்பும் மாறி, சால்வைக்கு இடமில்லாமற் போயிற்று. தொடர்ந்து 1877 முதல் 1879 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சம், வேலையிழந்த நெசவாளர் குடிகளைச் சூறையாடிற்று. பாரிஸில் நாகரிகம் மாறியதன் விளைவைப் பட்டினியாக ஏற்றவர் ஸ்ரீநகரத்து நெசவாளரே.

இதுவரை கண்டது மனிதர் கொடுத்த விலை. விலங்கு கொடுத்த விலை இதனினும் கொடிது. திபெத்து மேட்டுநிலத்தில் ‘சிரு’ என்னும் காட்டு இரலை வாழ்கிறது. அதன் மென்மயிர் பஷ்மினாவினும் நுண்ணியது, ‘ஷாதூஷ்’ எனப்படுவது. மோதிரத்தினுள் நுழையும் சால்வை என்று செல்வர் புகழ்ந்தது இதனையே. புதர்களில் சிக்கி உதிர்ந்த மயிரை இடையர்கள் பொறுக்கி வருவதாக வணிகர் கதை கூறினர். ஜார்ஜ் ஷாலர் என்னும் விலங்கியலார் அந்த மேட்டுநிலத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது பொய் என்று உலகறியச் செய்தார். சிருவைக் கொன்றே மயிர் எடுக்கப்பட்டது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து இரலைகள் மடிந்தன.

1979 முதல் அனைத்துலக ஒப்பந்தம் இவ்வணிகத்தை அறவே தடுத்தது. ஆயினும் 1990களில் மேல்நாட்டு நகரங்களில் ஷாதூஷ் மீண்டும் மோகப் பொருளாயிற்று. ஆண்டிற்கு 20,000 வரை சிருக்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 1994இல் அவற்றைக் காக்க முனைந்த சோனம் தார்கே என்னும் திபெத்திய அதிகாரி வேட்டையாடிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். காஷ்மீரத்துச் சட்டமும் 2002இல் கடுமையாக்கப்பட்டது. அதனால் ஷாதூஷ் நூற்றும் நெய்தும் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. காவல் வலுத்தபின் சிருவின் எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. 2016இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வரிசையிலிருந்து அது நீக்கப்பட்டது.

ஆடு கொல்லப்படவில்லை, ஆகவே பஷ்மினா குற்றமற்றது என்று நாம் அமைதி கொள்ளலாமா? மங்கோலிய நாட்டில் 1990இல் ஏறக்குறைய 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள், உலகச் சந்தையின் பசியால் 2018இல் 2 கோடியே 70 லட்சமாயின. வெள்ளாடு புல்லை நுனியளவில் மேயாது, அடியோடு கறித்துவிடும். அங்கே புல்வெளிகள் நலிந்து வருகின்றன. மறுபுறம், பர்பெரி என்னும் புகழ்பெற்ற ஆங்கில நிறுவனம், தான் விற்காத பொருள்களில் 2 கோடியே 86 லட்சம் பவுன் மதிப்புள்ளவற்றை ஓராண்டில் அழித்ததாக 2018இல் தன் கணக்கிலேயே காட்டியது. மலிவாக விற்றால் பெயர் கெடும் என்னும் அச்சமே இத்தகைய அழிப்புக்குக் காரணம். கண்டனம் எழவே அதே ஆண்டில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பின்னர் 2020இல் பிரான்சும், 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய அழிப்பைத் தடுக்கச் சட்டம் இயற்றின.

ஆகவே விலையுயர்ந்தது என்பதாலேயே ஓர் ஆடையைக் குறைகூறுதல் முறையன்று. நெசவாளிக்கு நேர்மையான கூலி தந்து, மூன்று தலைமுறை போர்த்தப்படும் சால்வை சிக்கனமான பொருளே. மலையில் புல் வளரும் காலத்தையும், தறியில் கை ஓடும் காலத்தையும் பொறுக்காத அவசரமே மிகை. அந்த அவசரத்தின் கடனை வாங்கியவர் அடைப்பதில்லை; நெசவாளியும் இரலையும் புல்வெளியுமே அடைக்கின்றன.

அமிர்தசரஸ் உடன்படிக்கையில் மற்றொரு நுட்பமும் உண்டு. பன்னிரண்டு ஆடுகளில் கடா ஆறு, பெட்டை ஆறு என்று அது வகுத்துரைத்தது. சால்வையைக் கேட்டவர்கள், மந்தை பெருகும் வழியையும் உடன் கேட்டனர். அவர்கள் நோக்கம் தம் ஆதாயமே. ஆயினும் சால்வை வாங்கும் எவரும் கற்கத் தக்க கணக்கு அது.