அம்மை குத்துதல்: பணி நெறிகளின் வரலாறு

பெரியம்மை (வைசூரி) வராமல் காக்க, தோலில் கீறியோ குத்தியோ அம்மைப்பாலைச் செலுத்துவது அம்மை குத்துதல். இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குப் பசுவம்மை நீரைச் செலுத்திப் பார்த்தார். 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. இடைப்பட்ட 184 ஆண்டுகளில் மருந்தைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அதை ஊர் ஊராகச் சுமந்துபோய்க் குத்தியவருக்கு என்னென்ன கட்டளைகள் இடப்பட்டன, அவை ஏன் மாறின என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தோல்விக்குப் பிறகு எழுதப்பட்டவை.

கையிலிருந்து கைக்கு

ஐரோப்பாவிலிருந்து கடல்வழி அனுப்பிய அம்மைப்பால் வெப்பத்தில் வீரியம் இழந்தே இந்தியா வந்தது. கடைசியில் வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தியது பலித்தது. இந்தியாவில் பலித்த முதல் குத்து அதுதான். அவள் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து ஐந்து குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் எடுத்துக் குத்தி, சென்னை, இலங்கை வரை கொண்டு சேர்த்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குழந்தையின் கைதான் அம்மைப்பால் குப்பி.

அம்மை குத்துபவருக்கான முதல் கட்டளை நாள் கணக்கைப் பற்றியது. கொப்புளத்தில் நீர் தெளிவாக இருக்கும் எட்டாம் நாளில் எடுக்க வேண்டும். சீழ் கட்டிவிட்டால் எடுக்கக் கூடாது. நோயற்ற, நல்ல உடல்நிலையுள்ள குழந்தையிடமே எடுக்க வேண்டும். குத்தியவர் எட்டாம் நாள் அதே வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும், புதிதாகக் குத்த வேண்டிய குழந்தைகளும் அன்று அங்கே இருந்தாக வேண்டும். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் அம்மைப்பாலே இல்லாமல் போகும். பெற்றோரின் எதிர்ப்புக்கும் இதில் ஒரு காரணம் இருந்தது. ஊசி குத்தவிட்ட தாய்கூட, அடுத்த வாரம் அதே புண்ணைக் கீறி வேறு யாருக்கோ நீர் எடுப்பதைச் சகிக்கவில்லை. இதை அறியாமை என்று எழுதிவைத்த அதிகாரிகள் தாயின் இடத்தில் நின்று யோசிக்கவில்லை.

தமிழகத்தில் பெரியம்மை மாரியம்மனோடு பிணைந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியார் உள்ளே வருவதில்லை, வீட்டார் விசேஷங்களுக்குப் போவதில்லை. நோக்கம் பக்தி என்றாலும் நோயாளியைத் தனிமைப்படுத்தும் பலன் இதில் ஓரளவு இருந்தது. சென்னை அதிகாரியும் தமிழறிஞருமான எல்லிஸ், அம்மைப்பாலை மக்கள் ஏற்பதற்காகப் பசுவின் கொடையாக அதைக் காட்டும் கதை ஒன்றைப் புராணப் பாணியில் தமிழில் எழுதினார். நம்பிக்கையை எதிர்த்து நின்று பயனில்லை என்று அவர் கண்டது, பிந்தைய காலத்துச் சுகாதாரத் துறைகளுக்கு உறைக்க வெகுநாளாயிற்று.

கன்றுக்குட்டியும் கிளிசரினும்

கைமாற்றுக் குத்தலால் வேறு நோய்களும் பரவின. 1861இல் இத்தாலியின் ரிவால்டாவில் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த நீரால் பல குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. 1883இல் ஜெர்மனியின் பிரேமன் கப்பல் தளத்தில் அம்மை குத்தப்பட்ட 1,289 தொழிலாளரில் 191 பேருக்கு அடுத்த சில மாதங்களில் மஞ்சள் காமாலை கண்டது. மனித நிணநீர் கலந்த மருந்தே அதற்குக் காரணம். இரத்தத்தின் வழியே ஈரல் அழற்சி பரவியதற்கான முதல் பதிவு என்று இதைச் சொல்வதுண்டு.

விடை கன்றுக்குட்டியில் கிடைத்தது. கன்றின் தோலில் வளர்த்து எடுத்த அம்மைப்பாலில் கிளிசரின் சேர்த்தால் கிருமிகள் மடிந்து வைரஸ் தங்கும் என்று லண்டனில் காப்மன் 1891இல் காட்டினார். பிரிட்டன் 1898இல் கைமாற்றுக் குத்தலைத் தடைசெய்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் பெயரில் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம், தென்னிந்தியாவுக்கான அம்மைப்பாலைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. இனி எட்டாம் நாள் கணக்கு வேண்டியதில்லை. அதன் இடத்தில் வெயிலிலிருந்து குப்பியைக் காக்கும் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. கோடையில் கிராமத்துக்குப் போய்ச் சேரும் திரவ மருந்து பல நேரம் செத்துப்போயிருந்தது. குத்தியவர் பதிவேட்டில் குத்தியதாகவே எழுதினார்.

1950களின் தொடக்கத்தில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி காலியர் உறைய வைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். 37 பாகை செல்சியசில் நான்கு வாரம் வைத்த பின்னும் வீரியம் குன்றாதிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தரவிதியானது.

இரு முள் ஊசி

இந்தியாவில் அதுவரை இருந்த கருவி, தோலில் வைத்துத் திருகும் வட்டக் கத்தி. அது பெரும் புண்ணை உண்டாக்கியது. வைத் நிறுவனத்தில் பெஞ்சமின் ரூபின் உருவாக்கிய, நுனி இரண்டாகப் பிளந்த ஊசி 1960களின் இறுதியில் வந்து எல்லாவற்றையும் எளிதாக்கியது. மருந்தில் நனைத்தால் இரு முள்ளுக்கும் நடுவே வேண்டிய அளவு தங்கும். மருந்துச் செலவு கால்பங்காகக் குறைந்தது. மேற்கையில் ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து 15 முறை விரைவாகக் குத்த வேண்டும். லேசாக இரத்தம் துளிர்த்தால் சரியாகக் குத்தியாயிற்று. எழுத்தறியாதவருக்கும் கால்மணி நேரத்தில் கற்றுத்தர முடிந்தது.

இந்தக் கட்டத்தில் வந்த ஒரு கட்டளை மருத்துவம் படித்தவர்களை உறுத்தியது. தோலை ஸ்பிரிட்டால் துடைக்காதே. அழுக்கு இருந்தால் தண்ணீரால் மட்டும் துடை. ஸ்பிரிட் ஈரம் வைரஸையே கொன்றுவிடும் என்பதால், நல்ல பழக்கமே வேலையைக் கெடுத்தது. ஊசிகளைக் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள்.

எதை எண்ணுவது

இந்தியாவின் தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 80 விழுக்காடு மக்களுக்குக் குத்துவது இலக்கு. இலக்கு எண்ணிக்கையாக இருந்ததால் பணியாளர்கள் எண்ணிக்கையையே கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு மறுபடி மறுபடி குத்துவது சுலபம். கூலிக்கு அலைபவர், குடிசைவாசி, கைக்குழந்தை ஆகியோர் விடுபட்டனர். ஏட்டில் குத்தல்கள் பெருகிய மாவட்டங்களிலும் நோய் அடங்கவில்லை.

மாற்றுச் சிந்தனைக்குச் சென்னையின் பங்கும் உண்டு. தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அ. ராமச்சந்திர ராவ், பெரியம்மை பெரும்பாலும் வீட்டுக்குள் நெருங்கிப் பழகுவோருக்கே தொற்றுகிறது என்பதை 1960களின் ஆய்வுகளில் காட்டினார். அவரது நூல் 1972இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் மருந்து போதாமல் தவித்த வில்லியம் ஃபீஜி, நோய் கண்ட ஊர்களைத் தேடி அவற்றைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்தி நோயை நிறுத்தியிருந்தார்.

1973 இலையுதிர்காலத்தில் இந்தியாவில் தேடல் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் முதல் தேடலில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் கண்டுபிடிக்கப்பட்டனர். அதுவரை அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 1974இல் நாட்டில் பதிவானோர் 1,88,003. முந்தைய ஆண்டுகளைவிட இது பயங்கரமாகத் தெரிந்ததற்கு ஒரு பகுதிக் காரணம், முதன்முறையாக உண்மை எழுதப்பட்டதுதான். நோயை அறிவித்த பணியாளரைத் தண்டிக்காமலிருப்பதும் ஒரு விதியாக வேண்டியிருந்தது.

பணியாளரின் பை அடியோடு மாறியது. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையை வீடுவீடாகவும் சந்தைகளிலும் காட்டி, ‘இப்படி யாரையாவது பார்த்தீர்களா’ என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்கு வெகுமதி 50 ரூபாயில் தொடங்கி 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. சின்னம்மையிலிருந்து பிரித்தறிய எளிய குறிப்புகள் தரப்பட்டன: பெரியம்மையின் கொப்புளங்கள் ஒரே பருவத்தில் இருக்கும், முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாக இருக்கும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும். நோய் வீட்டின் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இரவு பகலாகக் காவல் போடப்பட்டது. உள்ளே நுழையும் எவரும் முதலில் குத்திக்கொள்ள வேண்டும். கடைசி நோயாளிக்குப் பின் ஆறு வாரம் கழியாமல் அந்த ஊரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்காது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் நோய் இல்லை. 1977 ஏப்ரலில் அது பன்னாட்டுக் குழுவால் உறுதிசெய்யப்பட்டது.

மருத்துவமனைக்குள்

ஊருக்கு விதி எழுதியவர்கள் மருத்துவமனையைப் பலமுறை மறந்தார்கள். 1970இல் ஜெர்மனியின் மெஷெடெயில் தனியறையில் வைக்கப்பட்ட ஒரே நோயாளியிடமிருந்து காற்றுவழி மேல்மாடிகள்வரை தொற்று போயிற்று. 1972இல் யூகோஸ்லாவியாவில் 175 பேரைத் தாக்கி 35 பேரைக் கொன்ற பரவலில் மருத்துவமனைகளே முக்கியக் கண்ணிகள். 1977 அக்டோபரில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின், மருத்துவமனைச் சமையல்காரர். தற்காலிகமாக அம்மை குத்தும் பணியும் செய்தவர், ஆனால் அவருக்கே குத்தல் பலித்திருக்கவில்லை. பணியாளருக்கு முதலில் தடுப்பு என்ற இன்றைய விதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பின்வந்தவை

இந்தியாவின் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியபோது, பெரியம்மை அனுபவம் பாதிதான் கைகொடுத்தது. இளம்பிள்ளைவாதத்துக்கும் தட்டம்மைக்கும் மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் காக்கும் குளிர்ச்சங்கிலி தேவைப்பட்டது. தேடும் முறையோ அப்படியே தொடர்ந்தது: 15 வயதுக்குட்பட்ட எவருக்கும் கைகால் திடீரெனத் தளர்ந்தால் அறிவித்து மலமாதிரி அனுப்ப வேண்டும். நாட்டின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்திய ஊசிகளுக்குப் பதிலாக, ஒருமுறை குத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல்கள் வந்தன. குத்திய பின் ஊசிக்கு மூடி போடாதே, அப்படியே வெட்டி அப்புறப்படுத்து என்கிறது இன்றைய கையேடு.

பெரியம்மைக்கான பொதுக் குத்தல் உலகெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. வைரஸ் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரு ஆய்வகங்களில் மட்டும் வைக்கப்பட்டுள்ளது. அத்தகைய வைரஸ்களைக் கையாளும் ஆய்வகப் பணியாளர்களுக்கு இன்றும் அம்மைத் தடுப்பு மருந்து தரப்படுகிறது.