19100-ம் ஆண்டும் பெர்ல் மொழிக்காரர்களும்

2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி. ஒய்2கே பூதத்துக்கு உலகமே பயந்து கிடந்த நாள். விமானம் விழும், வங்கிக் கணக்கு அழியும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் பல இணையதளங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. அன்றைய தேதி "ஜனவரி 1, 19100" என்று காட்டியது! அமெரிக்காவுக்கு அதிகாரபூர்வமாக நேரம் சொல்லும் கடற்படை வானாய்வகத்தின் தளமும் இதிலிருந்து தப்பவில்லை.

காரணம் மிகச் சின்னது. பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற சில கணினி மொழிகளிடம் "இது எந்த ஆண்டு?" என்று கேட்டால், 1900-லிருந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்றுதான் பதில் வரும். 1999-ல் கேட்டால் 99. அதன் முன்னால் "19" என்று ஒட்டினால் 1999. சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு பதில் 100 என்று வந்தது. முன்னால் "19". ஆக, 19100.

இத்தனைக்கும் பெர்ல் கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் கையேட்டை யார் படித்தார்கள்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டார், அவரிடமிருந்து மூன்றாமவர், அவரிடமிருந்து நான்காமவர். பேரேட்டின் முதல் பக்கத்தில் விழுந்த கூட்டல் பிழை கடைசிப் பக்கம் வரை போகிற மாதிரி, பிழையும் கூடவே போனது.

ஒருவருக்கொருவர் இப்படி நிரல் கொடுத்து வாங்கும் பழக்கத்தால்தான் பெர்ல் வளர்ந்தது. அதே பழக்கத்தால் அதற்குக் கெட்ட பெயரும் வந்தது. அந்தக் கதை லாரி வால் என்பவரிடம் தொடங்குகிறது.

லாரி வால் மொழியியல் படித்தவர். பெர்ல் எழுதுவதற்கு முன்பே, 1985-ல், 'பேட்ச்' என்று ஒரு சிறிய நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். அதன் அருமை இன்று பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஒருவரின் நிரலில் பிழை கண்டுபிடித்தால் முழு நிரலையும் திருத்தி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் "212-வது வரியை இப்படி மாற்றுங்கள்" என்று கடிதம் எழுத வேண்டும். வாங்குபவர் அதற்குள் மேலே நாலு வரி சேர்த்திருந்தால் 212-வது வரி வேறு எங்கோ போயிருக்கும்! பேட்ச் வந்த பிறகு மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும். வரிகள் கொஞ்சம் இடம் மாறியிருந்தாலும் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்து அதுவே ஒட்டிவிடும். முகம் தெரியாத இருவர் சேர்ந்து ஒரே நிரலைத் திருத்துவது அதன் பிறகுதான் சுலபமானது.

அடுத்தது பெர்ல். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் அலுவலகங்கள் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்தன. இரண்டு பக்கத்துக் கோப்புகளிலிருந்தும் விவரம் திரட்டி அறிக்கை தயாரிக்க வேண்டும். அன்றைக்கு இருந்த 'ஆக்' என்ற கருவி அந்த வேலைக்குப் போதவில்லை. வேறு யாராவது இருந்தால் எப்படியோ சமாளித்து அந்த அறிக்கையை முடித்திருப்பார்கள். இவர் ஒரு புது மொழியையே எழுதினார். 1987 டிசம்பர் 18-ம் தேதி அதையும் இலவசமாகவே வெளியிட்டார்.

பெர்ல் போன்றவற்றை ஸ்கிரிப்டிங் மொழிகள் என்கிறார்கள். ராக்கெட் விடுவதற்கான மொழி அல்ல இது. ஆயிரம் கோப்புகளின் பெயரை ஒரே மூச்சில் மாற்றுவது, நீளமான பட்டியலில் இரண்டு முறை வந்த பெயர்களை நீக்குவது, ஒரு வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டுவது போன்ற அன்றாட எடுபிடி வேலைகளுக்கானது. ஆகவே கேட்கப்பட்ட கேள்விகளும் அன்றாடக் கேள்விகளே.

கேள்வி கேட்கும் இடம் யூஸ்நெட். ஒருவர் எழுதியது கணினியிலிருந்து கணினிக்கு நகலாகி உலகம் முழுக்கப் பரவும். பதிலும் அப்படியே. பதில் சொல்பவருக்குச் சம்பளம் கிடையாது. மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று வணிகச் சட்டம் சொல்லும். இங்கே மறுபயனும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, ஆனாலும் பதில் வந்தது. பல சமயம் மொழியை உருவாக்கிய லாரி வாலே பதில் சொன்னார். அவரோடு சேர்ந்து 1991-ல் முதல் பெர்ல் புத்தகத்தை எழுதிய ராண்டல் ஷ்வார்ட்ஸ், தன் பதிலின் கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குட்டி பெர்ல் புதிரை வைப்பார். அதை இயக்கினால் "இன்னுமொரு பெர்ல் ஹேக்கர்" என்று அச்சாகும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டிய விளம்பரம்!

கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டால் என்ன செய்வது? டாம் கிறிஸ்டியன்சன் போன்றவர்கள் பதில்களைத் திரட்டித் தொகுப்பாக்கினார்கள். பின்னாளில் அது 9 பகுதிகளாக மொழியோடு சேர்ந்தே வந்தது. அதில் "நேற்றைய தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு கேள்வி உண்டு. இது ஒரு கேள்வியா என்று தோன்றும். இப்போதைய நேரத்திலிருந்து 24 மணி நேரத்தைக் கழித்தால் ஆயிற்று! ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைக்காக ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு 23 மணி நேரம்தான். மறுநாள் திங்கள் அதிகாலை 12.30-க்கு 24 மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள், சனிக்கிழமை இரவு 11.30 வரும். ஞாயிறு காணாமலே போய்விடும். நள்ளிரவில் ஓடும் கணக்கு நிரலில் இது நடந்தால் ஒரு நாள் வரவு முழுக்க விட்டுப்போகும். அனுபவப்பட்டவர் பக்கத்தில் இருந்தால்தான் இதெல்லாம் தெரியும். பக்கத்தில் இல்லாதவர்களுக்காகத்தான் அந்தத் தொகுப்பு.

சில பதில்கள் பெயர் வாங்கின. 1994-ல் ஒருவர், வரிகளை அவற்றின் கடைசிச் சொல்லை வைத்து அகரவரிசைப்படுத்துவது எப்படி என்று கேட்டார். சாதாரணமாகச் செய்தால், இரண்டு வரிகளை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் இரண்டிலும் கடைசிச் சொல்லைத் தேடிப் பிரிக்க வேண்டும். 1000 வரி என்றால் ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகள், 20,000 தடவை பிரிக்கும் வேலை. ஷ்வார்ட்ஸ் வேறு வழி சொன்னார். முதலில் ஒவ்வொரு வரியோடும் அதன் கடைசிச் சொல்லை ஒரு சீட்டு போல ஒட்டிவிடு. சீட்டை வைத்து அடுக்கு. அடுக்கிய பின் சீட்டைக் கிழித்துவிடு. பிரிக்கும் வேலை 1000 தடவையோடு முடிந்தது. இதைச் சில வரிகளில் எழுதிக் காட்டினார். கீழிருந்து மேலாகப் படித்தால்தான் புரியும் என்பது வேறு விஷயம்! தொடர்ந்து பதில் எழுதிய கிறிஸ்டியன்சன் அதற்கு ஷ்வார்ட்ஸின் பெயரையே வைத்தார். லிஸ்ப் மொழிக்காரர்களுக்கு இந்த உத்தி முன்பே தெரியும். இருந்தாலும் 'ஷ்வார்ட்ஸியன் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கேள்வி கேட்டவர் பெயரில் எதுவும் இல்லை. அவர் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பதிலும் இல்லை.

1995 அக்டோபரில் 'சிபான்' அறிவிக்கப்பட்டது. ஃபின்லாந்தில் உள்ள ஒரு கணினியை மூலமாக வைத்து, யார் எழுதிய பெர்ல் துணுக்கையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்த பொதுக் களஞ்சியம் அது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் இருக்கின்றன. மனித மரபணுத் திட்டத்தில் வெவ்வேறு ஆய்வகங்களின் தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தவித்தபோது பெர்ல்தான் கைகொடுத்தது என்று லிங்கன் ஸ்டீன் 1996-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அவர் எழுதிய 'சிஜிஐ' துணுக்கு, இணையப் படிவங்களில் நிரப்பப்பட்ட விவரத்தை நிரலுக்குள் பிழையின்றி வாங்கித் தரும்.

இதுவரை எல்லாம் அறிஞர் சபை. இனி வருவது தெரு.

அதே 1995-ல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேட் ரைட் என்ற பள்ளி மாணவர் தான் எழுதிய பெர்ல் நிரல்களை இணையத்தில் வைத்தார். வருகையாளர் எண்ணிக்கை காட்டும் நிரல், வருகைப் பதிவேடு, கூடிப் பேசுவதற்கான பலகை, படிவத்தில் நிரப்பியதை மின்னஞ்சலாக்கி அனுப்பும் 'ஃபார்ம்மெயில்'. மேலே உள்ள சில வரிகளில் உங்கள் விவரத்தை மாற்றுங்கள், உங்கள் தளத்தில் ஏற்றுங்கள், முடிந்தது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கடை வைத்திருப்பவர், சங்கம் நடத்துபவர், கல்லூரி மாணவர் என்று ஊர்ப்பட்ட பேர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் இணையதளங்களில் பாதிக்கு மேல் இவருடைய நிரல்தானோ என்று தோன்றும் அளவுக்குப் பரவியது.

பெர்ல் அறிஞர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. நன்கு சோதிக்கப்பட்ட சிஜிஐ துணுக்கு இருக்கும்போது மேட் ரைட் படிவத்தைத் தன் கையாலேயே பிரித்திருந்தார். ஃபார்ம்மெயிலில் மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி படிவத்துக்குள்ளேயே இருந்தது. படிவம் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று ஒரு சோதனை உண்டு. ஆனால் வருபவரே சொல்லும் ஊர்ப் பெயரை நம்பி உள்ளே விடுகிற காவலாளி மாதிரிதான் அது. விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் கூட்டம் பொய் ஊர் சொல்லி உள்ளே நுழைந்து, அப்பாவிகளின் தளங்கள் வழியாகக் குப்பை மின்னஞ்சல்களை அனுப்பித் தள்ளியது. அனுப்பியது யாரோ, பழி தளத்துக்காரருக்கு.

இந்த நிரல்களில் ஏதோ ஒன்று ஓடவில்லை என்று யாராவது யூஸ்நெட்டில் வந்து கேட்டால், "அதைத் தூக்கிப் போடு, கையேட்டைப் படி, சிபானிலிருந்து எடு" என்று பதில் வரும். கூடவே வசவும் வரும். தினமும் அதே கேள்வியைப் பார்ப்பவரின் சலிப்பு புரிகிறது. ஆனால் கேட்டவர் நிலையையும் யோசித்துப் பாருங்கள். அவர் மாதம் சில டாலர் வாடகைக்கு யாருடைய கணினியிலோ இடம் பிடித்திருப்பவர். அங்கே சிபான் துணுக்குகளை நிறுவ அவருக்கு அனுமதியே இல்லாமல் இருக்கலாம். அறிஞர்கள் சொன்ன பதில் சரி. அவருக்குப் பயன்படாது. அந்தப் பள்ளி மாணவர் கொடுத்தது தப்பும் தவறுமானது. அவருக்குப் பயன்பட்டது. பசித்தவனிடம் சமையல் புத்தகத்தை நீட்டினால் அவன் கையேந்தி பவனுக்குத்தான் போவான்.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இந்தத் திட்டுதல் நடந்தது. திட்டியதால் ஒருவரும் மாறியதாகத் தெரியவில்லை. 2001-ல்தான் லண்டன் பெர்ல் குழுவினர் உருப்படியான ஒரு காரியம் செய்தார்கள். மேட் ரைட்டின் நிரல்களுக்கு மாற்றாக, அதே வேலையைச் செய்யும் நிரல்களைப் புதிதாக எழுதினார்கள். அதே அமைப்புகள். பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் தளம் அப்படியே ஓடும். சிபானிலிருந்து எதையும் நிறுவத் தேவையில்லை, வாடகை இடத்தில் இருக்கும் பழைய பெர்லே போதும். அந்தத் திட்டத்துக்கு 'என்எம்எஸ்' என்று பெயர். "மேட்டின் நிரல்கள் அல்ல" என்பதன் சுருக்கம் என்பார்கள். பெயரில் குத்தல் இருந்தாலும் வேலை சுத்தம்.

மேட் ரைட் என்ன செய்தார் தெரியுமா? சண்டைக்குப் போகவில்லை. தன் தளத்திலேயே, என்எம்எஸ் நிரல்கள் தரமானவை, அவற்றைப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரை எழுதி வைத்தார். தன் கடை வாசலில் அடுத்த கடைக்கு வழி எழுதி வைப்பதற்கு ஒரு மனசு வேண்டும். அவரைக் கேலி செய்த பலரிடம் அது இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதற்குள் காற்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. இணையதள வேலைகள் பிஎச்பி மொழிக்குப் போயின, எடுபிடி வேலைகள் பைத்தானுக்குப் போயின. 2008-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தபின் கேள்விகளும் அங்கே குடியேறின. பெர்ல் 6 என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது 2019-ல் ராகு என்று பெயர் மாற்றிக்கொண்டு தனி மொழியானது. பெர்ல் 5 தன் வழியில் இன்னும் புதுப் பதிப்புகளோடு வந்துகொண்டிருக்கிறது. யூஸ்நெட் கேள்வி பதில்களைச் சேமித்த தேஜா நியூஸை 2001-ல் கூகுள் வாங்கியது. 2024 பிப்ரவரியில் கூகுள் புதிய யூஸ்நெட் பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. பழையவற்றை மட்டும் தேடிப் படிக்கலாம்.

பெர்ல் கையேட்டில் அந்த ஆண்டுக் கணக்குக்கான பகுதி மட்டும் இன்றும் இருக்கிறது. வருவது 1900-லிருந்து எத்தனை ஆண்டுகள் என்ற எண், நான்கு இலக்க ஆண்டு வேண்டுமானால் அதோடு 1900-ஐக் கூட்டுங்கள் என்று. "19" என்று முன்னால் ஒட்டாதீர்கள், கூட்டுங்கள்.