பகைவனுக்கும் நீதி
பேராசிரியர் டேவிட் கோலின் சட்டப் பணி

பிக்ஹுக் கலையில் நாம் பயின்ற அடிப்படை விதிகளுள் 'பராஅத்துத் திம்மா' என்பதும் ஒன்று. பொறுப்பு நிலைநாட்டப்படும் வரை ஒவ்வொரு மனிதனும் அதனின்றும் நீங்கியவனே என்பது அதன் கருத்தாகும். அமைதிக் காலத்தில் இவ்விதியை மறுப்பார் இலர். நாட்டுக்கு ஆபத்து என்ற குரல் எழும்போதுதான் அதற்குச் சோதனை நேர்கின்றது. அத்தகைய சோதனைக் காலங்களில் அயலாருக்காக வழக்காடிய அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

டேவிட் கோல் 1958இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். 1990 முதல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அதற்கு முன்னரே, 1987 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எண்மர் கைதான வழக்கு அவர் கைக்கு வந்துவிட்டது. எழுவர் பாலஸ்தீனியர்; ஒருவர் கென்ய நாட்டுப் பெண்மணி. பாலஸ்தீன இயக்கமொன்றின் ஏடுகளைப் பரப்பினர், அதற்கு ஆதரவு திரட்டினர் என்பதே அவர்கள் மீதான பழி. அவர்கள் குடிமக்களாயிருந்தால் கைது செய்ய இடமே இருந்திராது என்று அந்நாளைய மத்தியப் புலனாய்வுத் துறைத் தலைவர் வில்லியம் வெப்ஸ்டரே சாட்சியம் பகர்ந்தார். எனினும் அரசு பின்வாங்கவில்லை. 1999இல் உச்ச நீதிமன்றத்தில் கோல் தோல்வி கண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2007 ஜனவரியில், குடியேற்ற நீதிபதி ஒருவர் வழக்கை முடித்து வைத்தார்; அதே ஆண்டு அக்டோபரில் அரசும் கைவிட்டது. ஏடு பரப்பிய குற்றத்திற்கு இருபது ஆண்டு அலைக்கழிப்பு!

இவ்வனுபவத்தின் சாரமே 2003இல் அவர் வெளியிட்ட 'எனிமி ஏலியன்ஸ்' என்ற நூல். அயலார் மீது முதலில் ஓங்கப்படும் கோல், பின்னர்க் குடிமக்கள் மீதும் விழும் என்பது அதன் வாதம். வரலாறும் அதற்குச் சான்று கூறுகின்றது. 1942இல் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சத்தினருள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே. 2001 செப்டம்பருக்குப் பின் முதலில் சிறைப்பட்டோர் அயல்நாட்டு முஸ்லிம்கள். 2002இலேயே குடிமக்கள் இருவர் குற்றச்சாட்டின்றிப் படைச் சிறையில் வைக்கப்பட்டனர்.

தமிழ் மக்களுக்கும் கோலின் பணியோடு தொடர்புண்டு. தடை செய்யப்பட்ட இயக்கங்களுக்குப் 'பொருண்மை உதவி' அளிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1996இல் வந்தது. 1997இல் விடுதலைப் புலிகளும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியும் அப்பட்டியலில் இடம் பெற்றன. அவ்வியக்கத்தாருக்குச் சர்வதேசச் சட்டத்தின் வழியே, அமைதியான முறையில் பிணக்குகளைத் தீர்க்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றமா என்று மனித உரிமைச் சங்கமொன்றும் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் வழக்குத் தொடுத்தன. அவர்களுக்காக வாதாடியவர் கோல்.

2010 ஜூன் 21இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றனர், மூவர் மறுத்தனர். நல்ல போதனையும் அவ்வியக்கத்துக்கு மதிப்பைத் தேடித் தரும், அதன் பிற வளங்களை வன்முறைக்கு விடுவிக்கும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. தனித்து நின்று ஒருவர் கருத்துரைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்றும் அவர்கள் விளக்கினர். இவ்வாதத்தை நாம் அற்பமென்று தள்ளிவிடவில்லை. குடிகளின் உயிரைக் காப்பது அரசின் கடமையே. ஆயினும், ஆயுதத்தைக் கீழே வைக்கும் வழியைக் கற்பிப்பவனையும் ஆயுதம் வழங்குபவனையும் ஒரே தட்டில் வைப்பது எவ்வாறு நீதியாகும்?

கோல் 2017 முதல் 2024 வரை அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கத்தின் தேசியச் சட்ட இயக்குநராகவும் பணியாற்றினார். 2024இல் தம் கொள்கைக்கு மாறான துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தின் பேச்சுரிமைக்காகவும் வாதாடி, உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான வெற்றி பெற்றார். 1989இல் கொடியை எரித்தவனுக்காக வழக்காடிய குழுவிலும் இருந்தவர் அவர். ஆட்களைப் பார்த்து உரிமையை அளக்கவில்லை என்பதற்கு இவையே சான்று.

பகைமை பாராட்டும் கூட்டத்தாரிடத்தும் நீதி தவறலாகாது என்பது நம் திருமறையின் கட்டளை. அதை மேடைகளில் முழங்குவது எளிது. நமக்குப் பிடிக்காதவனின் உரிமை பறிபோகும் நாளில் வாய் திறக்கின்றோமா? அந்நாளில் மௌனம் சாதிப்போமாயின், நம் முறை வரும்போது யாரை அழைப்போம்? எல்லாம் வல்ல அல்லாஹ் நீதியின் மீது நம்மை நிலைநிறுத்துவானாக. ஆமீன்.