செங்கத்தில் பீர் இருந்ததா?

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை மக்களே.

ஆன்சைட்டில் இங்கிலாந்து போனப்ப, டீம் ஆளுங்க ஒரு சனிக்கிழமை பக்கத்து ப்ரூவரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. காஸ்க் ஏல் ருசி பார்க்கிற நிகழ்ச்சி. பீப்பாய்க்குள்ளே ஈஸ்ட் உயிரோடவே இருக்கும், அங்கேயே இரண்டாவது முறை நொதிக்கும். அந்த வழக்கம் அழியாம இருக்க 1971-ல் காம்ரான்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சிருக்காங்க. (அதே வருஷம்தான் இங்கே கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார்!) ஒரு பெரியவர், "உங்க ஊர் பீர் எப்படி?"ன்னு கேட்டார். "அதெல்லாம் நீங்க கொண்டு வந்ததுதானே"ன்னு பெருமையா சொல்லிட்டேன்.

தப்பு. எனக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். மலைபடுகடாம் பாடுற நன்னனோட ஊரே செங்கம்தான். அவன் மலைநாட்டில் ஏறிப்போற கூத்தருக்கு மலைவாசிகள் தர்றது, மூங்கில் குழாயில் விளைஞ்ச தேன்கள். அதுக்கு மேல நறவு வேற. உரைகாரர்கள் அதை நெல்லில் செஞ்ச கள்ளுங்கறாங்க. மரப்பீப்பாய்க்கு மூங்கில் குழாய் சித்தப்பா முறை :-)

தேன்கள்ளை பீர்னு சொன்னா அந்தப் பெரியவர் சண்டைக்கு வருவார். ஆனா பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டுச் சமாசாரம் அசல் பீரேதான். கொழிக்காத அரிசியைக் கூழாக் காய்ச்சி, அகலமான தட்டில் ஆற வெச்சு, புற்றாஞ்சோறு மாதிரி இருக்கிற முளை அடையைக் கலக்கணும். இரண்டு பகல், இரண்டு ராத்திரி. அப்புறம் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைச்சுப் பிழியணும். முளையில் இருக்கிற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதைச் சாராயச்சத்தாக்கும். பார்லி மால்ட்டுக்கும் இதே கதைதான்.

அப்புறம் இடையில் என்ன ஆச்சுன்னு மொத்தப் பழியையும் ஒருத்தர் மேல போட முடியாது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார், 1939-ல் அது வட ஆற்காட்டுக்கும் வந்தது. ஜவ்வாது மலை அப்போ அந்த மாவட்டம். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் விற்பனை வரி.

எங்க வீட்டில் 'கள்'ங்கற வார்த்தையே பேசக்கூடாது. தாத்தா குடிச்சே போனவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, பயந்துக்கிட்டே பாட்டிகிட்ட இந்த நெல்லுக் கள் கதையைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, சிரிச்சாங்க.

"நெல்லுலயா? எங்களுக்கு நெல்லுச் சோறே தீவாளிக்குத்தான்டா. மத்த நாளு சாமையும் களியும். எந்த மகராசன் வூட்டுக் கதைடா இது?"

எனக்குப் பதில் தெரியலை.