குறில் நெடிலான கதை

மேலையிசையின் பாலபாடத்தில் முதலில் எதிர்ப்படும் குறி செமிபிரீவ். வாலில்லாத வெள்ளை முட்டை வடிவம். நான்கு எண்ணிக்கை நீள்வது. இன்று வழக்கமாக எழுதப்படும் குறிகளில் இதுவே மிக நீண்டது. பெயரின் பொருளோ 'அரைக் குறில்'! இதில் பாதியான மினிம் என்பதற்கு 'மிகச் சிறியது' என்று பொருள். அதற்கும் கீழே ஐந்து படிகள் இருக்கின்றன. லண்டன் தேர்வுகளுக்குப் படிக்கும் சென்னைப் பிள்ளைகளும் இப்பெயர்களையே மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்த முரணின் வேர் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிசில் இருக்கிறது. நோத்ர தாம் தேவாலய இசைவாணர்கள் ஒரே சமயத்தில் பல குரல்கள் வெவ்வேறு மெட்டில் பாடும் முறையை வளர்த்தனர். தனிக்குரல் சொல்லின் போக்கில் நடக்கலாம். பல குரல்கள் பிசகாமல் சந்திக்க வேண்டுமெனில் காலத்தை அளந்தே தீர வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர்கள் லத்தீன் யாப்பினுடையவை: லாங்கா என்னும் நெடில், பிரெவிஸ் என்னும் குறில். மாத்திரைக் கணக்கில் பழகிய நமக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை. ஆனால் குறிகளைச் சேர்த்தெழுதிய விதத்தைக் கொண்டுதான் பாடகர் அளவை ஊகிக்க வேண்டியிருந்தது.

சுமார் 1280இல் கொலோன் பிராங்கோ என அறியப்படுபவர் வடிவத்துக்கு அளவை உரிமையாக்கினார். வாலுள்ள சதுரம் நெடில், வாலற்றது குறில், சாய்சதுரம் அரைக் குறில். அவருடைய நிறைவான நெடிலுக்கு மூன்று குறில்; திரித்துவத்தின் எண் அல்லவா!

மூன்றுக்கு நிகராக இரண்டையும் அமர்த்தியது 1320களில் எழுந்த புதுக்கலை. பிலிப் தெ வித்ரியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இம்முறையில், சாய்சதுரத்தின் தலையில் கோடேறி மினிமா பிறந்தது. குறிலை மூன்றாய்ப் பகுத்தால் முழு வட்டம், இரண்டாய்ப் பகுத்தால் உடைந்த வட்டம் என்ற அடையாளங்களும் வழக்கில் வந்தன. இன்று நான்கெண்ணிக்கைத் தாளத்துக்குமுன் நிற்கும் 'சி' உண்மையில் எழுத்தே அன்று. அந்த உடைந்த வட்டம்தான்.

இது வெறும் எழுத்தர் விவகாரமாக நிற்கவில்லை. 1324-25இல் போப் இருபத்திரண்டாம் ஜான் தம் ஆணையில், பழைய வழிபாட்டு மெட்டுகள் சிறு சிறு குறிகளாகத் துண்டாடப்படுவதைப் பெயர் சொல்லியே கண்டித்தார். ஆணை இருந்தது, மினிமாவும் இருந்தது. வித்ரியோ 1351இல் ஆயராகவே ஆனார்.

சிறு குறிகள் பெருகப் பெருக அவற்றுக்கு இடம்விட்டுப் பெரியவை நீண்டன. குறிலுக்குள் பல ஒலிகளைத் திணித்தால், மூச்சுள்ள பாடகன் குறிலை மெதுவாக்காமல் என்ன செய்வான்? பெயர்களை மட்டும் எவரும் தொடவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் கறுப்புத் தலைகள் உள்ளீடற்ற வெள்ளையாயின. தோலுக்குப் பதில் காகிதம் வந்ததும், மை அதை அரித்ததும் காரணம் என்பர். மேலும் நுண்ணிய குறிகளுக்கே கறுப்பு எஞ்சியது. பிரீவ் என்ற அந்தப் பழைய குறில் இன்று எட்டு எண்ணிக்கை நீள்கிறது, அரிதாகவே அச்சேறுகிறது. லாங்காவைக் காணப் பழஞ்சுவடிகளைத்தான் புரட்ட வேண்டும்.