2021 டெக்சஸ் கடுங்குளிரும் வெடித்த நீர்க்குழாய்களும்

2021 பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிர் பெரும்பாலும் மின்வெட்டுக்காகவே நினைவுகூரப்படுகிறது. 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அதே நாட்களில் வீடுகளின் சுவர்களுக்குள்ளும் பரண்களிலும் நீர்க்குழாய்கள் உறைந்து வெடித்ததில் எண்ணற்ற குடும்பங்கள் குடிநீரையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்தன.

குளிர்நாடுகளில் நீர்க்குழாய்கள், மண் உறையும் ஆழத்திற்கும் கீழே புதைக்கப்படுகின்றன; வீட்டினுள் அவை சூடான பகுதிகள் வழியே செல்கின்றன. டெக்சஸ் வெப்பத்திற்கெனக் கட்டப்பட்ட ஊர். அங்கே பல வீடுகளில் குழாய்கள் பரண் வழியாகவும் வெளிச்சுவரை ஒட்டியும், போர்வை எதுவுமின்றி ஓடுகின்றன. பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் வட்டாரத்தில் வெப்பநிலை -19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. 1949-க்குப் பின் அங்கே பதிவான மிகக் குறைந்த அளவு இதுவே.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. இதன் வலிமையைப் பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி எட்வர்டு வில்லியம்ஸ் 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக்கில் சோதித்துப் பார்த்தார். இரும்புக் குண்டுக் கூடுகளில் நீர் நிரப்பி, துளையை இரும்பு ஆப்பால் அடைத்து வெளியே வைத்தார். சில கூடுகள் பிளந்தன. ஒன்றின் ஆப்பு 100 மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது.

ஆனால் வீட்டுக் குழாய் வெடிப்பது இவ்வளவு நேரடியாக அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. பனிக்கட்டி முதலில் குழாயின் ஓரிடத்தில் அடைப்பாக உருவாகிறது. அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே சிக்கிய நீர் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் குழாய் பிளக்கிறது. பிளக்கும் இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். போர்வையற்ற பரணில் உள்ள குழாய்களுக்கு வெளிவெப்பநிலை ஏறத்தாழ -7 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபாய எல்லை என்றும் அவர்கள் கண்டனர்.

குளிர்காலத்தில் குழாயைச் சற்றே திறந்து சொட்டவிடும் வழக்கத்தின் காரணமும் இதுவே. ஓடும் நீர் உறையாது என்பதைவிட, திறந்த குழாய் சிக்கிய நீரின் அழுத்தத்தை வெளியேற்றிவிடுகிறது என்பதே முக்கியம். டெக்சஸ் மக்கள் இதைத்தான் செய்தார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மின்சாரமின்றி நீரேற்றும் நிலையங்கள் தடுமாறின. ஏற்கெனவே வெடித்த குழாய்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய்கள் சொட்டின. நகர நீர்வலையின் அழுத்தம் சரிந்தது. ஹூஸ்டன், ஆஸ்டின் நகர நிர்வாகங்கள், சொட்டவிடுவதை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டன. தன் வீட்டுக் குழாயைக் காப்பதா, ஊரின் நீரைக் காப்பதா என்ற நிலை. அழுத்தம் குறைந்த குழாய்களில் மாசு புகக்கூடும் என்பதால் 1 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. அடுப்புக்கே மின்சாரம் இல்லாதவர்களுக்கும் அதே அறிவிப்புதான்.

சேதத்தின் பெரும்பகுதி குளிர் தணிந்த பின்னரே வெளிப்பட்டது. பிளந்த குழாயைப் பனிக்கட்டியே அடைத்து வைத்திருக்கும். அது உருகியதும் நீர் பீறிட்டு உட்கூரையோடு கீழே வரும். அப்போது முதலில் செய்யவேண்டியது வீட்டின் முதன்மை வால்வை மூடுவது. அது எங்கே இருக்கிறதென்று அறியாதவர்களின் வீடுகளில் நீர் மணிக்கணக்கில் ஓடியது. வெடிக்காமல் உறைந்து மட்டும் நிற்கும் குழாயை, திருகைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி முடியுலர்த்தி போன்ற மென்சூட்டால் உருக்கவேண்டும். தீச்சுடர் கொண்டு உருக்கினால் வீடே தீப்பற்றலாம். பழுதுபார்ப்போருக்குத் தட்டுப்பாடு முற்றியதால் பிற மாநிலக் குழாய்ப் பணியாளர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கப்பட்டது.

இதுவரை காணாத குளிர் என்ற விளக்கம் அப்போது பலமுறை கூறப்பட்டது. அதை முழுமையாக ஏற்பதற்கில்லை. 1989 டிசம்பரில் ஹூஸ்டனில் -14 டிகிரி பதிவானது. 2021-இல் அங்கே பதிவானதோ -11 டிகிரி அளவே. 2011 பிப்ரவரிக் குளிரின்போதும் சுழற்சி மின்வெட்டு வந்தது. மின்நிலையங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துமாறு கூட்டரசு அமைப்புகள் பரிந்துரைத்தன. அது கட்டாயமாக்கப்படவில்லை.

2021 ஜூனில் டெக்சஸ் இயற்றிய சட்டம் மின்நிலையங்களுக்கு அந்த ஆயத்தத்தைக் கட்டாயமாக்கியது. நீர்வழங்கு நிறுவனங்கள் நீண்ட மின்தடையிலும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பேணும் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்றும் விதித்தது. பரணில் ஓடும் குழாய்க்கு நுரை உறை சுற்றும் வேலை மட்டும் வீட்டுக்காரரிடமே விடப்பட்டுள்ளது.