கந்தையாவும் கண்டையாவும் ஒரே ஆள்தான்

வெள்ளைக்காரர் ஒரு குடும்பப் பெயரைப் பிடிச்சுக்கொண்டு நாலைஞ்சு தலைமுறை பின்னால போய்விடுவினம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கட பெயருக்கு முன்னால நிற்பது அப்பாவின் பெயர், அவருக்கு முன்னால அப்பப்பாவின் பெயர். எங்கட காலம் வரேக்க அப்பப்பா காகிதத்திலேயே இல்லை. கலியாணத்தோடு முதலெழுத்தும் மாறிவிடுவதால் அம்மம்மாவைத் தேடுவது இன்னும் கஷ்டம்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் சட்டமானது. பெயர்கள் அன்றிலிருந்து பல கைகள் மாறி வருகின்றன. கந்தையாவை ஆங்கிலத்தில் 'ரிஎச்' போட்டும் எழுதலாம், 'டி' போட்டும் எழுதலாம். 'டி' போட்டதைத் தமிழ் தெரியாத ஒருவர் திரும்பத் தமிழாக்கினால் கண்டையா வந்து நிற்பார். இராசரத்தினம் ஆங்கில அட்டவணையில் 'ஐ'யில் இருப்பார். அவரே ராஜரட்ணமானால் 'ஆர்'இல் இருப்பார். இரண்டு இடத்திலும் பார்க்கத்தான் வேணும்.

கையெழுத்து அடுத்த மதில். பழைய உறுதிகளில் வருசத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று குறி போட்டிருப்பார்கள். 'லை', 'னை'க்குத் தும்பிக்கை இருக்கும். 'னா', 'றா' சுழித்துக்கொண்டு கிடக்கும். தமிழ்நாட்டு அரசு 1978 இல் இவற்றை மாற்றியது. எங்கட பெரியாக்கள் அதற்குப் பிறகும் கன காலம் பழையபடியே எழுதினார்கள். நாங்கள் கண்டுபிடித்த வழி: முதலில் தெரிந்த ஊர்ப்பெயரை அந்தக் கையெழுத்தில் வாசித்து, அதே எழுத்துகளை ஆள் பெயரில் தேடுவது.

வன்னியில் இன்னொரு சிக்கல், பதிவு எந்த ஊரில் கிடக்கிறது என்பது. 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தவர்களின் பிறப்பு யாழ்ப்பாணத்தில் பதிந்திருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தில் இருந்து வந்தவர்களுக்கு மலையகத்தில் தேட வேணும். வீட்டில் இருந்த பிரதிகளை 2009 இல் எத்தனை பேர் கொண்டுவந்து சேர்த்தார்கள்?

இது பொழுதுபோக்குத் தேடல் இல்லை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் எங்களில் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அதில் அப்பப்பா ஒரு எழுத்தில், மரணச் சான்றிதழில் வேறெழுத்தில். "இது இரண்டும் ஒரே ஆள் எண்டு எப்பிடி நம்பிறது?" என்று கந்தோரில் கேட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மனுசன். சத்தியக்கடதாசி இரண்டு முடித்தாயிற்று. காணி இன்னும் பின்னுரித்தாளரின் பெயருக்கு மாறவில்லை.